மிச்சப்படுத்திய மின்சாரம்

திரையில் அப்டேட் என்ற சொல்லைப் பார்த்துவிட்டால் மீட்டர்காரருக்குக் கை சும்மா இருக்காது. மின்சார அலுவலகத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு பெற்றது சம்பளத்திலிருந்துதான். வீட்டில் எரிகிற விளக்கு, சுற்றுகிற விசிறி, சார்ஜரில் செருகியபடியே கிடக்கிற போன் எல்லாம் இன்னமும் அவர் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தன. ஆளில்லாத அறையில் விசிறி சுற்றினால் ஓடிப்போய் நிறுத்துவார். மனைவி குளியலறையில் இருக்கும்போதே வெளியிலிருந்து விளக்கை அணைத்துவிட்டு, உள்ளிருந்து வந்த திட்டை வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

வீட்டில் இருந்த ஒரே கம்ப்யூட்டர் மகளுடையது. அவளுக்கு முப்பது தாண்டிவிட்டது, ஆனால் வீட்டில் அவள் இன்னும் பாப்பாதான். படித்து முடித்து முதல் வேலையில் சேர்ந்த வருஷம் ஒரு லாரி அவளுடைய ஸ்கூட்டரை இடித்தது. அன்றிலிருந்து கழுத்துக்குக் கீழே எதுவும் அவள் பேச்சைக் கேட்பதில்லை. தலையைத் திருப்புவாள். பேசுவாள், குரல் கொஞ்சம் மெல்லியது. மருந்து டப்பாவுக்குள் பொடிப்பொடி எழுத்தில் மடித்து வைத்திருப்பார்களே ஒரு தாள், யாரும் படிக்காத தாள், அதில் பிழை இருக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பது அவள் வேலை. படுக்கைக்கு மேலே ஒரு கம்பியில் திரை தொங்கும். தலையணையை ஒட்டி, வளைகிற இன்னொரு கம்பியின் நுனியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். திரையில் எழுத்துகள் வரிசை வரிசையாக ஒளிர்ந்து நகரும். வேண்டிய வரிசை வந்ததும் கன்னத்தால் ஒரு தட்டு, வேண்டிய எழுத்து வந்ததும் இன்னொரு தட்டு. இப்படி ஒரு வாக்கியம் எழுதி முடிப்பதற்குள் சுடச்சுட வைத்த காபி ஆறி ஆடை கட்டிவிடும்.

இதைப் பார்க்கப் பொறுக்காமல் மீட்டர்காரர், பேசினால் தானே எழுதிக்கொள்கிற மைக் ஒன்றை வாங்கிவந்து மாட்டினார். அலுவலக வேலைக்கு அவள் அதைத்தான் பயன்படுத்தினாள். அப்புறம் எதற்கு இந்தக் கன்னப் பொத்தான், கழற்றிவிடலாமே என்று பலமுறை கேட்டுப் பார்த்தார். "இருக்கட்டும்ப்பா" என்பாள். சரி, பழகின பொருள் மேல் ஒரு பாசம் போல என்று அவரும் விட்டுவிட்டார். தன் மகளைப் பற்றித் தனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்பது அவர் நினைப்பு. பல் தேய்த்துவிடுவதிலிருந்து முதுகில் புண் வராமல் ராத்திரியில் புரட்டிப் படுக்க வைப்பது வரை அவரும் மனைவியும் மாறி மாறிச் செய்தார்கள். அவள் தும்மப் போகிறாள் என்பதே அவருக்கு முன்கூட்டித் தெரியும். இதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்தக் கம்ப்யூட்டரில்தான் ஒரு நாள் மத்தியானம் அந்தச் செய்தி வந்தது. மதர்போர்டின் அடிப்படை புரோகிராமுக்குப் புது அப்டேட் வந்திருக்கிறது, பாதுகாப்புக்கு நல்லது என்று சொன்னது. மற்ற புரோகிராம் மாதிரி இல்லை இது. பொத்தானை அழுத்தியதும் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் கண் விழித்து, எந்த டிஸ்க்கைப் பார்ப்பது, எந்த வழியில் மின்சாரம் விடுவது என்று ஏற்பாடு செய்வது இதுதான். இது சரிந்தால் மொத்தப் பெட்டியும் வெறும் தகரம். நன்றாக ஓடுவதை எதற்கு நோண்டுகிறீர்கள் என்று மனைவி அடுப்படியிலிருந்தே கேட்டாள். அவசியமா அப்பா என்று பாப்பாவும் கேட்டாள். சின்ன வேலைதான், நீ கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அவள் பலமுறை கண்ணை மூடித் திறந்தாள். திரை கறுப்பாகி, கறுப்பாகவே நின்றது. நடுவில் மின்சாரத்தைப் பிடுங்கினால் மதர்போர்டு செத்துப்போகும் என்று எங்கோ படித்திருந்ததால் அவர் பிளக்கின் மேல் கையை வைத்துக் காவல் காத்தார். பிளக்கைப் பிடுங்கிவிடச் சொல்லி மனம் பரபரத்தது. அவர் மனைவி வாசலில் வந்து நின்று, கறுப்புத் திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

கடைசியில் திரை வந்தது. பழைய அமைப்புகள் எல்லாம் அழிந்துவிட்டன, புதிதாகச் செய்துகொள் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. சரி என்று மேலே போனால், டிஸ்க்கையே காணோம் என்றது. மகளுடைய வேலை, சம்பாத்தியம், பேச்சுத்துணை எல்லாம் அந்த டிஸ்க்கில்தான் இருந்தன. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். கேபிளைப் பிடுங்கிச் செருகினார். மெமரியை வெளியே எடுத்து, அழிரப்பரால் அதன் பித்தளைப் பற்களைத் தேய்த்து, ஊதி, திரும்ப மாட்டினார். பெட்டி அதே பாட்டைப் பாடியது. மறுநாள் முழுக்க போனில் படித்துப் படித்து, டிஸ்க்கோடு பெட்டி பேசுகிற முறை ஒன்று அப்டேட்டில் மாறிப்போயிருக்கிறது என்று கண்டுபிடித்தார். அந்த ஒரு வரியைப் பழையபடி மாற்றியதும் எல்லாம் வந்துவிட்டது. மைக் வேலை செய்தது. பொத்தானும் வேலை செய்தது.

அதோடு எழுந்திருந்தால் கதையே இல்லை. ஆனால் ஒரு மனிதன் வாழ்நாளெல்லாம் மீட்டர் பார்த்திருக்கிறான், அவன் முன்னால் புத்தம்புது மெனு ஒன்று விரிந்து கிடக்கிறது. ஒரு தெருவில் நுழைந்தால் கடைசி வீடு வரை போவது மாதிரி ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே போனார். ஓரிடத்தில், பெட்டி அணைந்திருக்கும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்தவா என்று கேட்டிருந்தது. அவரிடம் இப்படிக் கேட்டால் என்ன சொல்வார்? ஆம் என்று வைத்தார். வைத்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டு, அணைந்த பிறகும் இந்தப் பெட்டி இத்தனை வருஷம் கள்ளத்தனமாக மின்சாரம் குடித்திருக்கிறது, இன்றோடு அதற்கு முற்றுப்புள்ளி என்று சொன்னார். அவள் தலையை ஆட்டிவிட்டுக் குழம்பைப் பார்க்கப் போனாள்.

அன்றிலிருந்து பொத்தானுக்குக் கீழே, அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற சின்னப் பெட்டியின் பச்சை விளக்கு, கம்ப்யூட்டரை அணைத்ததும் தானும் அணைந்துபோனது. முன்பெல்லாம் ராத்திரி முழுக்க எரிந்துகொண்டிருக்கும். மீட்டர்காரர் அதைக் கவனித்தார். அறை நல்ல இருட்டாக இருந்தால் பாப்பா நன்றாகத் தூங்குவாள் என்று சந்தோஷப்பட்டார்.

ஆனால் பாப்பா வாடினாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். இரண்டு வாய்க்கு மேல் சாப்பாடு இறங்கவில்லை. மருந்துத் தாளில் ஒரு தப்பை விட்டுவிட்டாள் என்று அலுவலகத்திலிருந்து முதல்முறையாகக் கடிதம் வந்தது. மீட்டர்காரர் ஜுரமானியை எடுத்துக்கொண்டு ஓடினார். முதுகில் எங்காவது சிவந்திருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்த்தார். டாக்டர் வந்து, உடம்பில் ஒன்றும் இல்லை, மனசுக்குக் கொஞ்சம் மாறுதல் தேவை என்று சொல்லிப் போனார். மாறுதலுக்காக மீட்டர்காரர் திரைச்சீலையை மாற்றினார். கம்ப்யூட்டரில் ஏதாவது கோளாறோ என்று தினமும் மெனுவுக்குள் போய் எதையாவது திருகினார். காலையில் வழக்கம்போல அவரே பெட்டியின் பொத்தானை அழுத்தி, "போடட்டுமா பாப்பா?" என்பார். "போடுங்க" என்பாள். அந்தக் குரலில் இருந்த சலிப்பு அவருக்கு எட்டவில்லை.

ராத்திரியில் கடைசியாக அவளைப் புரட்டிப் படுக்க வைப்பது அவர் முறை. வலப்பக்கமாத் திருப்புங்க என்று எப்போதும் கேட்பாள், அதாவது பொத்தான் இருக்கிற பக்கம். அதற்கப்புறம் விடிகிறவரை அவர் நன்றாகத் தூங்குவார். ஆனால் ஒரு நாள் தூக்கம் பிடிக்கவில்லை. ஜன்னலில் வெளிச்சம் வரலாமா வேண்டாமா என்று யோசிக்கிற நேரம். தண்ணீர் குடிக்க எழுந்தவர் பாப்பாவின் அறை வாசலில் நின்றார்.

டக் என்று ஒரு சத்தம். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி டக். கன்னப் பொத்தானின் சத்தம் அது. திரையில் வெளிச்சமில்லை. பெட்டி பிணம் மாதிரிக் கிடந்தது. இருட்டில் மகளின் தலை மட்டும் தலையணையில் ஒருக்களித்து, மெல்லப் போய்ப் பொத்தானைத் தட்டித் திரும்பியது. கொஞ்ச நேரம் காத்திருந்தது. மறுபடி போய்த் தட்டியது. அணைந்து கிடக்கிற கம்ப்யூட்டரை எதற்கு இவள் தட்டுகிறாள் என்று முதலில் நினைத்தார். அப்புறம் புரிந்தது.

உள்ளே போய் விளக்கைப் போடாமல் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவள் திடுக்கிட்டு, ஒன்றுமில்லை, போய்ப் படுங்கள் என்றாள். அவர் போகவில்லை.

"அதைத் தட்டினா பெட்டி ஆன் ஆகுமா பாப்பா?"

அவள் பொத்தானிலிருந்து தலையைத் திருப்பினாள். "ஆயிட்டிருந்துதுப்பா."

"எப்பலேர்ந்து?"

"வாங்கின நாள்லேர்ந்து."

விடிவதற்கு முன்னால், அவர் புரட்டிப் போட்டுவிட்டுப் போன பிறகு, தினமும் தானே அதை உயிர்ப்பித்திருக்கிறாள். அவர் எழுந்திருப்பதற்குள் தானே அணைத்தும் இருக்கிறாள். காலையில் அவர் வந்து அழுத்தும்போது முதல்முறை அழுத்துகிற மாதிரி பெட்டி விழித்துக்கொண்டிருக்கிறது. இத்தனை வருஷமும் அதைத் தட்டி எழுப்புவது தான்தான் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே சரிசெய்திருப்பேனே என்றார்.

"தெரியும்ப்பா. சரி பண்ணிடுவீங்க. ஆனா நான் இந்த நேரத்துல முழிச்சிருக்கேன்னு தெரிஞ்சுட்டா நீங்களும் முழிச்சிருப்பீங்க. தண்ணி வேணுமா, தலகாணி சரியா இருக்கான்னு வந்து நிப்பீங்க. வந்ததும் ஸ்க்ரீனத்தான் பாப்பீங்க. அப்புறம் அது சரியாகி எனக்கு என்னப்பா?"

அப்படியெல்லாம் வரமாட்டேன் என்று சொல்ல மீட்டர்காரர் வாயெடுத்தார். வருவோம் என்று அவருக்கே தெரிந்திருந்ததால் மூடிக்கொண்டார். மைக் இருந்தும் அவள் ஏன் கன்னப் பொத்தானைக் கழற்றவிடவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. மைக்கில் பேசினால் வீட்டுக்கே கேட்கும். உடம்பில் ஓர் இடம் விடாமல் நான்கு கைகள் கழுவித் துடைக்கிற பெண்ணுக்கு, யார் கையும் படாதது என்று அந்த நேரம் ஒன்றுதான் இருந்திருக்கிறது. மின்சாரம் மிச்சம் என்று பெருமையடித்துக்கொண்டு அவர் பிடுங்கியது அதைத்தான்.

விடிந்ததும் அடுப்படியில் போய் மனைவியிடம் சொன்னார். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"தெரியும். விடியக்காலைல கம்ப்யூட்டர் ஃபேன் சுத்துற சத்தம் கேக்கும்."

"தெரிஞ்சுமா போய்ப் பாக்கல?"

"அவ கூப்பிடலையே."

அவ்வளவுதான் சொன்னாள். அப்புறம் தானாகவே, கொஞ்ச நாளாகச் சத்தம் கேட்கவில்லை, பிள்ளை இப்போதாவது நன்றாகத் தூங்குகிறாளே என்று நினைத்துவிட்டேன் என்றாள். கத்தி ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது. மீட்டர்காரருக்கு மனைவி மேல் பொறாமையாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

அன்று அவர் மெனுவுக்குள் நுழைந்தது பெருமையாக அல்ல. கீபோர்டைத் தட்டினால் பெட்டி விழித்துக்கொள்ள வேண்டும், அப்படி ஒரு வரி எங்கோ இருக்க வேண்டும். அந்தச் சின்னப் பெட்டியைக் கம்ப்யூட்டர் ஒரு கீபோர்டாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது. தேடினார். முதலிலிருந்து கடைசிவரை, கடைசியிலிருந்து முதல்வரை தேடினார். அப்படி ஒரு வரியே இல்லை. அப்டேட் அதை அடியோடு எடுத்துவிட்டதோ என்று பயம் வந்தது. பின்னால் படுக்கையிலிருந்து பாப்பா பார்த்துக்கொண்டிருந்தாள். ஆகலைன்னா விடுங்கப்பா என்றாள். அவள் அப்படிச் சொன்னதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

கூச்சத்தை விட்டு, பெட்டியைச் சேர்த்துக் கொடுத்த கடைக்காரருக்குப் போன் போட்டார். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்சம் தயங்கியது.

"அக்காதான் சார் அப்ப கேட்டாங்க. யார் உதவியும் இல்லாம நானே ஆன் பண்ணணும்னாங்க. அப்பாகிட்ட சொல்ல வேண்டாம்னும் சொன்னாங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ள அவருக்கு என்ன தகுதி இருந்தது? மேலே சொல்லுங்கள் என்றார். மின்சாரத்தை மிச்சப்படுத்து என்று எங்காவது வைத்திருக்கிறீர்களா என்று கடைக்காரர் கேட்டார். அது ஆம் என்று இருந்தால் பெட்டி அணைந்தபின் கீபோர்டுக்குப் போகிற கொஞ்சநஞ்ச மின்சாரமும் நின்றுவிடும், விழிக்க வைக்கிற வரியையும் மெனு மறைத்துக்கொள்ளும். இல்லை என்று மாற்றுங்கள், வரி தன்னால் வரும்.

அவர் மாற்றினார். அத்தனை நேரம் தேடிய வரி, எங்கும் போகாத மாதிரி அதே பக்கத்தில் வந்து நின்றது. எந்த விசையைத் தட்டினாலும் விழித்துக்கொள் என்று வைத்துச் சேமித்தார். பிறகு தொழில் பழக்கத்தில், இதற்கு எவ்வளவு மின்சாரம் ஆகும் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டார். மீட்டரில் ஓர் எண் நகர மாசக்கணக்கில் ஆகும். ஆயுளில் எத்தனையோ வீட்டு மீட்டரைப் பார்த்த மனிதர், அந்தக் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டார்.

கம்ப்யூட்டரை அணைத்தார். பெட்டி அடங்கி விசிறி நின்றது. பொத்தானுக்குக் கீழே பச்சை விளக்கு மட்டும் அணையாமல் இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டே மனைவியும் வந்து வாசலில் நின்றாள். பாப்பா தலையைத் திருப்பிக் கன்னத்தால் ஒரு முறை தட்டினாள்.

பெட்டி மூச்சு விட்டது. விசிறி சுற்றி, திரையில் வெளிச்சம் வந்து அவள் முகத்தில் விழுந்தது. அவள் சிரிக்கவில்லை. கண்ணை மூடினாள், ஓரம் நனைந்தது. மீட்டர்காரர் அவள் கண்ணோரத்தைத் துடைக்கத் துண்டை எடுத்தவர், எடுத்த கையோடு நின்றார்.

"அப்பா."

"சொல்லும்மா."

"கதவச் சாத்திட்டுப் போங்க."

பட்டப்பகல். விபத்துக்கு அப்புறம் அந்த அறைக் கதவு ஒரு நாள்கூட மூடியதில்லை. ஏதாவது ஆகிவிட்டால் என்று கேட்டார். ஆகிவிட்டால் கூப்பிடுகிறேன் என்றாள்.

சாத்துவது அவ்வளவு எளிதாகவும் இல்லை. திறந்தே கிடந்த கதவின் பின்னால் வருஷக்கணக்கில் சாமான் சேர்ந்திருந்தது. மடித்து வைத்த சக்கர நாற்காலி, பேஸின், பிளாஸ்டிக் விரிப்புச் சுருள், காற்று இறங்கிப்போன பழைய மெத்தை. ஒவ்வொன்றாகத் தூக்கிக் கூடத்தில் வைத்தார். மனைவி ஒரு பக்கம் பிடித்தாள். கதவு உப்பிப்போய்த் தரையில் உரசியது. கைப்பிடியை மேலே தூக்கிப் பிடித்து இழுத்துத்தான் நிலையில் பொருத்த வேண்டியிருந்தது. கடைசி இடுக்கு மூடும்போது உள்ளே பார்க்கக் கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டார்.

மூடிய கதவுக்கு முன்னால், சொந்த வீட்டில் எங்கே போவதென்று தெரியாமல் நின்றார். உள்ளே டக் என்று கேட்டது. ஒரு நிமிஷம் கழித்து இன்னொன்று. எத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். இரண்டு தட்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம் போகிறது என்று கவனித்தால் எந்த வரிசை, எந்த எழுத்து என்று அவரால் சொல்லிவிட முடியும். தன்னை அறியாமல் முதல் எழுத்தைச் சொல்லியும் விட்டார், மனசுக்குள்.

அடுத்த தட்டு விழுவதற்குள் மீட்டர்காரர் அங்கிருந்து நகர்ந்து அடுப்படிக்குப் போனார். குழாயைத் திறந்துவிட்டு, தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரங்களையே எடுத்து மறுபடியும், சத்தமாக, தேய்க்கத் தொடங்கினார். தண்ணீர் வீணாகிறது என்று மனைவியும் சொல்லவில்லை.